அடுத்த நாள் காலை: நாவலில் தவறான தீர்ப்பும் வருத்தமும்

(மதுரையில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒருவர் இன்னொருவரைத் தவறாக எடைபோட்டுவிடுகிறார். பிறகு ஒரு நாள் உண்மை தெரிகிறது. தெரிந்த பிறகு அவர் எப்படி வாழ்கிறார்? இன்று இதைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைக்கிறேன். இதைப் பேச மதுரையை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஒரு தவறான தீர்ப்பால் எரிந்த ஊர் என்றே நம் இலக்கியம் இந்த ஊரை நினைவில் வைத்திருக்கிறது. பாண்டியனின் அவைக்கு நாம் போவோம். அதற்கு முன், ஊருக்கு வெளியே நடந்த ஒன்றைப் பார்த்துவிடலாம். மேடைகளில் அதை அதிகம் பேசுவதில்லை.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் துறவி கவுந்தியடிகளோடு மதுரையை நெருங்கும்போது, கோசிகன் என்ற அந்தணன் கோவலனைத் தேடி வருகிறான். அவன் கையில், கோவலன் பிரிந்துவந்த மாதவியின் ஓலை இருக்கிறது. முன்பு புகார்க் கடற்கரையில், இந்திர விழாவின் முடிவில், கோவலனும் மாதவியும் யாழை மாறி மாறி வாங்கிப் பாடினார்கள். மாதவி பாடியதைக் கேட்ட கோவலன், அவள் மனத்தில் வேறொருவன் இருக்கிறான் என்று முடிவு கட்டி எழுந்து போய்விட்டான். கூடவே வாழ்ந்தவளை, மணிமேகலையைப் பெற்றவளை, ஒரு பாட்டை வைத்து எடைபோட்டுவிட்டான். அவள் அனுப்பிய முதல் ஓலையைக் கையால் வாங்கவும் மறுத்தான். இது இரண்டாவது ஓலை. இதைப் படித்த பிறகு அவனுக்கு விளங்கிவிடுகிறது: அவளிடம் தவறில்லை, தவறு தன்னுடையது. ஆனால் விளங்கியவன் மாதவிக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்த ஓலையின் சொற்கள் தன் பெற்றோருக்கும் பொருந்துகின்றன என்று சொல்லி, அதை அவர்களிடம் சேர்ப்பிக்கச் சொல்லிவிட்டு நடக்கிறான். அவன் வருத்தம் உண்மையானது. ஆனால் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை.

இனி பாண்டியன். அரசி ஊடலில் இருக்கிறாள். அவளைத் தணிக்கப் போய்க்கொண்டிருக்கிற அரசனை வழியில் மறித்து, திருடன் அகப்பட்டான் என்கிறான் பொற்கொல்லன். அவன் திருடன் என்று காட்டுவது, கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலனை. அரசியின் சிலம்பைத் திருடியவனே அந்தப் பொற்கொல்லன்தான். அரசியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்த்திருந்தால் நொடியில் தெரிந்திருக்கும். அல்லது கோவலனை அழைத்து, நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் காட்சி முழுக்கக் கோவலனைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள். கோவலனிடம் எதையும் கேட்டவர் இல்லை. கேட்காமல் வந்த மரணத் தீர்ப்பு அது.

இதன் பிறகு சிலப்பதிகாரத்தில் நடப்பவற்றை வரிசையாக நினைத்துப் பாருங்கள். உண்மை தெரிந்த கணமே அரசன் விழுந்து இறக்கிறான். கோப்பெருந்தேவி இறக்கிறாள். செய்தி கேட்ட கவுந்தியடிகள் உண்ணாதிருந்து உயிர் விடுகிறார். இடைச்சேரியில் இருவருக்கும் இடம் கொடுத்த மாதரி, அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியாமல் போனதே என்று தீயில் விழுகிறாள். அடுத்து அரியணை ஏறிய வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். ஒருவன் செய்த திருட்டுக்கு ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் பழி சுமக்கிறார்கள். கேட்காமல் கொன்றதற்கு இரங்கியே மறுபடியும் கேட்காமல் கொல்கிறார்கள். காப்பியத்தில் வருத்தம் மரணத்தில் போய் முடிகிறது. அதற்கு ஒரு மாண்பு உண்டு. நாம் அதை வணங்குகிறோம். ஆனால் பாண்டியன் ஒன்றிலிருந்து தப்பிவிட்டான். மறுநாள் காலையில் எழுந்து, தான் என்ன செய்தோம் என்ற நினைவோடு பல் துலக்கி, சோறு தின்று, மற்றவர் முகத்தில் விழிக்கவேண்டிய நிலை அவனுக்கு வரவில்லை.

நம்மில் பெரும்பாலோருக்கு அந்த மறுநாள் வருகிறது. தவறாகப் பேசிவிட்டு, தவறாக நம்பிவிட்டு, நாம் சாவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்கிறோம். அந்த மறுநாளை எழுதப் பிறந்த இலக்கிய வடிவமாகவே நான் நாவலைப் பார்க்கிறேன். மதுரைச் சீமையில் பிறந்தவர்கள், மதுரைத் தெருக்களில் நடந்தவர்கள் எழுதிய மூன்று நாவல்களை வைத்து இதைச் சொல்கிறேன்.

வம்பர் மகாசபை

முதலாவது, பி.ஆர். ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம். ராஜம் ஐயர் 1872-இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். கொடைக்கானல் மலையடிவாரத்தில், மஞ்சளாற்றங்கரையில் இருக்கும் அந்த ஊர் இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டம் 1985-இல்தான் பிரிந்தது, அதுவரை அது மதுரை மாவட்டம். மணிக்கொடி இதழ்க் காலத்து பி.எஸ். ராமையாவும், எழுத்து இதழை நடத்திய சி.சு. செல்லப்பாவும் அதே ஊர்க்காரர்கள். ராஜம் ஐயர் மதுரையிலும் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். இந்த நாவல் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்து, 1896-இல் புத்தகமாயிற்று. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான். 1896-இல் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியரானார். 1898-இல், இருபத்தாறு வயதில், மறைந்துவிட்டார்.

இந்த நாவலின் முழுப் பெயரை இப்போது பலர் மறந்துவிட்டார்கள்: ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம். அபவாதம், அதாவது வீண் பழி, கதையின் அட்டையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கதை சிறுகுளம் என்ற கிராமத்தில் நடக்கிறது. முத்துஸ்வாமி ஐயர் வசதியானவர், ஊரில் மதிப்புள்ளவர், மனைவி கமலாம்பாளிடம் மிகுந்த பிரியம் கொண்டவர். தம்பி சுப்பிரமணிய ஐயர், அவர் மனைவி பொன்னம்மாள், அவளுடைய பொறாமை, வீட்டுக்குள் நடக்கும் பிணக்குகள், மதுரையில் தமிழ் சொல்லிக் கொடுக்கும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை, கொள்ளைக்காரப் பேயாண்டித் தேவன் என்று ஒரு முழுச் சீமையே அந்த நாவலுக்குள் நடமாடுகிறது. அம்மையப்ப பிள்ளையை நினைத்து இன்றும் வாய்விட்டுச் சிரிக்கலாம்.

அந்த ஊரில் வம்பு பேசும் பெண்களின் கூட்டத்துக்கு ராஜம் ஐயர் வம்பர் மகாசபை என்று பெயர் வைத்தார். நகைச்சுவை என்று நினைத்து வாசகர்கள் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அது நாவலின் இதயமாகவே படுகிறது. ஒரு பழி எப்படி உண்டாகிறது என்பதை அவர் அவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார். மகாசபையில் யாரும் பொய் சொல்கிறோம் என்று நினைத்துப் பேசுவதில்லை. ஒருத்தி சந்தேகமாகச் சொன்னதை அடுத்தவள் செய்தியாகச் சொல்கிறாள். மூன்றாமவள் கண்ணால் பார்த்ததுபோலச் சொல்கிறாள். பேச்சு கைமாறக் கைமாற அதற்குப் பொறுப்பேற்கும் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் பழி மட்டும் நிற்கிறது. சொன்னவர் யார் என்று தேடினால் எவரும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று நம் பாட்டிமார்கள் கேட்டது இதனால்தான்.

இனி, கேட்டவரைப் பார்ப்போம். முத்துஸ்வாமி ஐயர் கெட்டவர் இல்லை, முரடரும் இல்லை. பெற்ற மகன் நடராஜன் காணாமல் போகிறான். செல்வம் கரைகிறது. இழப்பு மேல் இழப்பாக வந்து நொந்துகிடந்த மனத்தில்தான் கமலாம்பாளின் நடத்தையைப் பற்றிய பழி வந்து விழுகிறது. அதே பேச்சு பத்து வருடத்துக்கு முன் வந்திருந்தால் அவர் காதில் ஏறியிருக்காது. துயரத்தில் இருப்பவனுக்கு, இதுவும் போய்விட்டது என்று நம்புவது எளிதாகிவிடுகிறது. பொறாமையும் வன்மமும் மட்டும் தவறான தீர்ப்பைப் பெற்றெடுப்பதில்லை. களைப்பும் அதைப் பெற்றெடுக்கும் என்று இந்த இளைஞர் 1890-களிலேயே கண்டுகொண்டிருக்கிறார். இதற்காகவே அவர் முன் நான் தலை வணங்குகிறேன்.

பழியைக் கேட்ட ஐயர் கமலாம்பாளிடம் போய்க் கேட்கவில்லை. வீட்டை விட்டு வெளியேறுகிறார். துறவு நாடுகிறார், சச்சிதானந்த சுவாமிகள் என்ற குருவை அடைகிறார். தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழி நமக்கு மனப்பாடம். ஆனால் நம் வீடுகளில், தெருக்களில், பஞ்சாயத்துகளில் தீர விசாரிப்பது என்றால் என்ன நடக்கிறது? பக்கத்து வீட்டில் விசாரிப்போம். உறவுக்காரர்களிடம் விசாரிப்போம். ஜோசியரிடம்கூட விசாரிப்போம். சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் விசாரிக்க மாட்டோம். கேட்டால் அவமானம், கேட்டால் உறவு முறிந்துவிடும் என்று பயம். கேட்காமல் விட்டதால்தான் முறிகிறது. கோவலனிடம் கேட்காத அரசனும், கமலாம்பாளிடம் கேட்காத கணவரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள்.

ஆனால் இங்கே அந்த மறுநாள் வருகிறது. முத்துஸ்வாமி ஐயர் உயிரோடு இருக்கிறார். உண்மை அவருக்குத் தெரியவருகிறது. கணவனும் மனைவியும் மீண்டும் சேர்கிறார்கள், மகனும் கிடைக்கிறான். வேதாந்தத்தில் தோய்ந்த ராஜம் ஐயர், தனக்குக் கதை முக்கியமில்லை, அலைந்து தவித்த ஓர் ஆத்மா அமைதி அடைந்ததைக் காட்டுவதே நோக்கம் என்ற பொருளில் நாவலை முடிக்கிறார். அவர் சொல்வதை மதிக்கிறேன். இருந்தாலும் அவர் எழுதிய கதை அவருடைய முடிவுரையைத் தாண்டி ஒன்றைச் சொல்கிறது. துறவு மட்டுமே போதும் என்றால், முத்துஸ்வாமி ஐயரை அவர் குருவின் காலடியிலேயே விட்டிருக்கலாம். விடவில்லை. கமலாம்பாளிடம் கொண்டுவந்து சேர்க்கிறார். எவரைத் தவறாக நினைத்தோமோ அவர் முகத்தைப் பார்க்காமல் கிடைக்கும் அமைதி முழுமையாகாது என்று கதை சொல்கிறது. அதே 1890-களின் கடைசியில் அ. மாதவையா எழுதிய பத்மாவதி சரித்திரத்திலும் மனைவியைச் சந்தேகித்துப் பின் வருந்தும் கணவன் வருகிறான். தமிழ் நாவல் பிறந்த சில ஆண்டுகளிலேயே இரண்டு பெரிய எழுத்தாளர்களும் ஒரே காயத்தில் கை வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வீடுகளுக்குள் எத்தனை பெண்கள் கேட்கப்படாமலே தீர்ப்புப் பெற்றார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த நாவலிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. அன்புள்ள நூலிடம் குறை சொல்லலாம். முத்துஸ்வாமி ஐயரின் மனம் எங்கெங்கே அலைந்தது என்பதை நாம் அறிகிறோம். கமலாம்பாள் பொறுமையின் உருவமாக நிற்கிறாள். ஆனால் மன்னிக்க மறுக்கும் உரிமை அவளுக்கு இருந்ததா என்று அந்தக் காலம் கேட்கவில்லை. அதே காலத்தில், 1899-இல், ருஷ்யாவில் டால்ஸ்டாய் வெளியிட்ட புத்துயிர்ப்பு நாவல் அதைக் கேட்டது.

நெஹ்லூதவ் என்ற பிரபு ஜூரிகளில் ஒருவனாக நீதிமன்றத்தில் உட்காருகிறான். குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் காத்யூஷா மாஸ்லவா. தன் இளமையில் அத்தைகளின் வீட்டில் அவன் கெடுத்துக் கைவிட்ட பெண். அவள் கொலை செய்யும் எண்ணமில்லாமல்தான் இறந்துபோனவனுக்கு ஒரு பொடியைக் கொடுத்தாள் என்பது ஜூரிகளுக்கே தெரியும். ஆனால் தீர்ப்பில் அந்த ஒரு வாசகத்தைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அந்த மறதியால் அவளுக்குச் சைபீரியாவில் கடுங்காவல். நெஹ்லூதவ் அவளைத் தொடர்ந்து சைபீரியா வரை போகிறான்; திருமணம் செய்துகொள்கிறேன் என்கிறான். அவள் மறுக்கிறாள். தன் வாழ்க்கையைச் சிமன்சன் என்ற வேறொருவரோடு அமைத்துக்கொள்கிறாள். உன் வருத்தத்தைத் தீர்க்கும் மருந்தாக நான் இருக்க முடியாது என்பதுதான் அந்த மறுப்பின் பொருள். வருந்துகிறவன் வாசல் வரை வரலாம். கதவைத் திறப்பதும் திறக்காததும் உள்ளே இருப்பவரின் விருப்பம். இந்த இரண்டு நாவல்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். ஒன்று திரும்பி வரச் சொல்கிறது. மற்றது, திரும்பி வருவதாலேயே எல்லாம் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்காதே என்கிறது.

கணக்குப் புத்தகத்தில் அடங்காத மனிதன்

இரண்டாவது நாவலுக்குக் கடல் தாண்டிப் போகவேண்டும். ப. சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். பதினெட்டு வயதில் இந்தோனேசியாவின் மெடானுக்குப் பிழைக்கப் போனார். அங்கே முதல் பிரசவத்தில் மனைவியையும் குழந்தையையும் இழந்தார். போர் முடிந்தபின் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலைக்குச் சேர்ந்தார். மறுமணம் செய்யவில்லை. மதுரை ஒய்.எம்.சி.ஏ.யில் ஓர் அறையில் பல பத்தாண்டுகள் தனியாக வாழ்ந்து, 1997 டிசம்பரில் காலமானார். எழுதியவை இரண்டே நாவல்கள். முதலாவது கடலுக்கு அப்பால். கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959-இல் வெளிவந்தது.

கதை பினாங்கில் நடக்கிறது. வட்டிக்கடை முதலாளி வானாயீனா. அவர் கடையில் வேலை பார்த்து வளர்ந்தவன் செல்லையா. பெட்டியடி, அடுத்தாள், ஏஜெண்டு என்று படிப்படியாக ஏறும் அந்தக் கடை உலகத்தில், இவன் நம்பிக்கையானவன், பெண்ணைக் கொடுக்கலாம் என்று முதலாளியே நினைத்திருக்கிறார். மகள் மரகதமும் அவன்மேல் மனம் வைத்திருக்கிறாள். யுத்தம் வருகிறது. ஜப்பானியர் குண்டுவீச்சில் வானாயீனா தன் மகனை இழக்கிறார். செல்லையா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, யுத்தம் முடிந்து திரும்பி வருகிறான். இனி இவன் வட்டிக்கடைக்கு லாயக்கில்லை என்று வானாயீனா தீர்மானிக்கிறார். துப்பாக்கி பிடித்த கை பேரேடு பிடிக்காது. பணிந்து போகத் தெரியாதவன் கடையைக் காக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. வேறொருவனை மருமகனாக நிச்சயிக்கிறார்.

இங்கே வம்பு பேசுகிறவர்கள் இல்லை, வஞ்சகம் செய்கிறவர்கள் இல்லை. வானாயீனா நேர்மையானவர். தன் தொழிலை அறிந்தவர். செல்லையாவைச் சிறு வயதிலிருந்து கண்ணெதிரே பார்த்தவர். அப்படியிருந்தும் அவனைப் பார்க்கும் இடத்தில் ஒரு வகையை வைத்துவிடுகிறார்: பட்டாளத்துக்காரன். அந்தச் சொல் வந்து நின்ற பிறகு, எதிரில் இருக்கும் மனிதன் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறான். ஆயிரம் பொற்கொல்லர்களுக்கு நேர்ந்ததும் இதுவே. அங்கே ரத்தம் சிந்தியது, இங்கே ரத்தம் இல்லை. மகனைப் பறிகொடுத்த தகப்பன், மகனைப் போல வளர்ந்தவனையும் தன் தீர்ப்பாலேயே இழக்கிறார். துக்கத்தில் இருக்கும் மனிதர்கள் இன்னொரு துக்கத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொள்வதைச் சிங்காரம் கண்டிக்காமல், கண் திருப்பாமல் எழுதிக் காட்டுகிறார்.

இந்தக் கதையில் தீர்ப்பு திருத்தப்படுவதில்லை. முத்துஸ்வாமி ஐயருக்குக் கிடைத்த திரும்புதல் வானாயீனாவுக்கு இல்லை. ஆகவே நாவலின் பாரம் எங்கே போகிறது என்றால், தவறாக எடைபோடப்பட்டவர்கள் மேல் போகிறது. செல்லையாவும் மரகதமும் இந்தத் தீர்ப்போடு வாழப் பழகவேண்டும். அந்த நேரத்தில் செல்லையாவைத் தாங்கி நிற்பது நட்பு. மாணிக்கம் என்ற நண்பன் கூட இருக்கிறான், பேசுகிறான், சண்டை போடுகிறான், தத்துவம் சொல்கிறான், விட்டுப் போக மறுக்கிறான். பிழையான தீர்ப்பை அழிக்க முடியாத இடத்திலும் மனித உறவுக்கு ஒரு வேலை இருக்கிறது: தீர்ப்புப் பெற்றவனைத் தனியே விடாமலிருப்பது. கமலாம்பாள் சரித்திரம் தவறு செய்தவனின் மறுநாள். கடலுக்கு அப்பால் தவறு இழைக்கப்பட்டவனின் மறுநாள்.

சிங்காரத்தைப் பற்றி மதுரைக்காரர்களாகிய நாம் சேர்ந்து சிந்திக்கவேண்டிய ஒன்றும் இருக்கிறது. அவருடைய இரண்டாவது நாவல் புயலிலே ஒரு தோணி. மெடானிலும் பினாங்கிலும் அலையும் பாண்டியன் என்ற இளைஞன் மதுரைத் தெருக்களை நினைத்து நினைத்து உருகுகிற பக்கங்கள் அதில் உண்டு. எழுதி முடித்துப் பத்தாண்டு அளவில் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து, 1972-இல் வெளிவந்தது. வந்தபோதும் உரிய கவனம் கிடைக்கவில்லை. அவர் அதற்குப் பிறகு நாவல் எழுதவில்லை. இன்று தமிழின் முதல் வரிசை நாவல்களில் ஒன்றாக அதைப் பலர் கொண்டாடுகிறார்கள். பல பத்தாண்டுகள் இந்த ஊரின் நடுவில், நாம் போகிற தெருக்களில், ஓர் அமைதியான செய்தித்தாள் ஊழியராக அவர் நடந்துபோனார். ஒரு மொழியின் பெரிய கலைஞன் நம் பக்கத்தில் நடக்கிறான் என்பதைக் கண்டவர்கள் மிகச் சிலர். நாம் அவரை இகழவில்லை, பழி சொல்லவில்லை. பார்க்காமல் விட்டோம். பார்க்காமல் விடுவதும் ஒரு தீர்ப்பு. எழுதப்படாமல் போன அவருடைய மூன்றாவது நாவலை எந்தப் பாராட்டுக் கூட்டமும் திருப்பித் தராது.

ஒரு நாள் கூட இருத்தல்

மூன்றாவது, ஜி. நாகராஜனின் நாளை மற்றுமொரு நாளே. நாகராஜன் 1929-இல் மதுரையில் பிறந்தவர். கணித ஆசிரியர். 1974-இல் இந்த நாவல் வந்தது. 1981-இல் மதுரையிலேயே மறைந்தார். கந்தன் என்ற மனிதனின் ஒரே ஒரு நாளைச் சொல்கிற நாவல் இது. கந்தன் மரியாதைக்குரியவர்களின் பட்டியலில் வருகிறவன் இல்லை. அவனோடு வாழும் மீனா தன் உடலை விற்றுப் பிழைப்பவள். சாராயம், தரகு, சில்லறைக் குற்றங்கள், போலீஸ் என்று போகிற வாழ்க்கை. அவர்களைப் பற்றி ஊருக்கு ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருக்கிறது. படிக்க உட்காரும் வாசகருக்கும் இருக்கிறது.

நாகராஜன் அந்தத் தீர்ப்போடு வாதாடுவதில்லை. இவர்களும் நல்லவர்களே என்று கெஞ்சுவதில்லை. இரக்கத்தைக் கேட்டுக் கை நீட்டுவதில்லை. காலையில் கந்தன் எழுந்திருக்கும்போது நம்மையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறார். அவன் போகிற இடமெல்லாம் நாமும் போகிறோம். அவன் பேசுகிறதைக் கேட்கிறோம், மீனாவிடம் அவனுக்கு இருக்கிற பரிவைப் பார்க்கிறோம், அவன் செய்கிற அநியாயத்தையும் பார்க்கிறோம். நாள் முடியும்போது அவனைப் புனிதனாக்கவும் முடிவதில்லை, பழைய தீர்ப்பைத் திரும்ப எடுத்து மாட்டவும் முடிவதில்லை. ஒரு மனிதனோடு ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டோம், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த அவ்வளவு, பாண்டியனின் அவையில் நடக்கவில்லை, சிறுகுளத்தில் நடக்கவில்லை, பினாங்கு வட்டிக்கடையில் நடக்கவில்லை. தவறான தீர்ப்புக்கு மாற்று இன்னொரு நல்ல தீர்ப்பாக இருக்கவேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். நாகராஜன் அதற்கு முன்பாகவே நம்மைத் தடுத்து, முதலில் கூட இரு என்கிறார்.

இந்த மூன்று நாவல்களும் சேர்ந்து எனக்குச் சொன்னதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தவறான தீர்ப்பு பெரும்பாலும் வெறுப்பிலிருந்து வருவதில்லை. ஒருவரைப் பற்றி மற்றவர்கள் வாயால் கேட்டுக்கொள்வதிலிருந்தும், ஆளை ஒரு வகைக்குள் போட்டு மூடிவிடுவதிலிருந்தும், நம் சொந்தத் துயரத்தின் களைப்பிலிருந்தும், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் கடந்துபோவதிலிருந்தும் வருகிறது. நான்கிற்கும் பொதுவானது ஒன்று: அந்த மனிதரோடு பேச்சு நின்றுபோயிருக்கிறது. வருத்தம் என்பது அந்தப் பேச்சை மறுபடி தொடங்கச் சொல்லி நமக்குள் வரும் அழைப்பு. அதைத் தனிமையில் வைத்துப் போற்றினால் அது கௌரவமான ஒரு சோகமாக நமக்குப் பிடித்துப்போய்விடும். பாதிக்கப்பட்டவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

இன்றைக்கு வம்பர் மகாசபை ஆற்றங்கரையில் கூடுவதில்லை. தெருவுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது, குடும்பத்துக்கு ஒன்று, படித்த பள்ளிக்கு ஒன்று. ஒரு பெண்ணின் படம், ஒரு இளைஞனின் பெயர், ஒரு பேச்சின் வெட்டி எடுத்த துண்டு, பார்த்தவுடன் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். ராஜம் ஐயர் காட்டியபடியே, தள்ளிவிடத் தள்ளிவிடப் பொறுப்பாளி இல்லாமல் போகிறான். வேகம்தான் கூடியிருக்கிறது. சிறுகுளத்தில் ஒரு பழி ஊரைச் சுற்றிவர நாட்கள் ஆகும்; அதற்குள் யாராவது ஒரு நல்ல மனிதர் குறுக்கே நின்று, நீ பார்த்தாயா என்று கேட்க இடமிருந்தது. இன்று அந்த இடைவெளியை நாமே உண்டாக்கிக்கொள்ளவேண்டும். அப்படி நின்று கேட்கிறவராக இருக்கச் சொல்லி இளைஞர்களை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். அதற்குத் துணிவு வேண்டும். குழுவை விட்டு நீக்கிவிடுவார்கள், பரவாயில்லை.

நாவல் படித்தால் ஒருவன் நல்லவனாகிவிடுவான் என்று நான் சொல்ல மாட்டேன். நிறையப் படித்துவிட்டுக் கல்லாக இருப்பவர்களை நாம் அறிவோம். நாவல் நமக்குத் தருவது ஒரு பயிற்சி. முந்நூறு பக்கம், நமக்கு உறவில்லாத ஒருவரின் பக்கத்தில் அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கப் பழகுகிறோம். நூறாவது பக்கத்தில் அவரைப் பற்றி நினைத்ததை இருநூறாவது பக்கத்தில் மாற்றிக்கொள்கிறோம். அப்படி மாற்றிக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை என்று தெரிகிறது. அந்தப் பொறுமையைப் புத்தகத்தை மூடிய பிறகு வீட்டுக்குள்ளும், அலுவலகத்துக்குள்ளும், தெருவிலும் எடுத்துச் செல்வது நம் கையில் இருக்கிறது.

கடைசியாக மாணவர்களுக்கு ஒன்று. உங்களுக்கு முன்னால் நீண்ட வாழ்க்கை இருக்கிறது; நீங்கள் யாரையாவது தவறாக நினைக்காமல் அதைக் கடந்துவிட முடியாது. உங்களையும் யாராவது தவறாக நினைப்பார்கள். ஒருவரைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டால், நம்புவதற்கு முன் அவரிடமே போய்க் கேளுங்கள். தவறு உங்கள் பக்கம் என்று தெரிந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவரிடமே போய்ச் சொல்லுங்கள். காரணங்களை அடுக்காமல், செய்ததை மட்டும் சொல்லுங்கள். அவர் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். அது அவருடைய உரிமை. போய்ச் சொல்வது உங்கள் கடமை.